ரோஸ் கோல்டு கம்பி ஏன் ஒடிகிறது?

கோவையில் நகைப்பட்டறை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "22 காரட்டில் இருபது வருட அனுபவம். இப்போது 18 காரட் ரோஸ் கோல்டு ஆர்டர் வருகிறது. முக்கால் பங்கு தங்கம், கால் பங்கு செம்பு. சூடுகாட்டி, செங்கல்மேல் தானாக ஆறவிட்டுக் கம்பி இழுத்தால் ஒடிகிறது. செம்பில் கலப்படமா?"

செம்பைச் சந்தேகிக்கும் முன், ஆறவிடும் முறையை மாற்றிப் பாருங்கள். சூடு இறங்குவதற்குள் தண்ணீரில் போட வேண்டும். உளியைக் காய்ச்சித் தோய்த்தால் இறுகும். இந்தத் தங்கம் அதற்கு நேர்மாறு, தோய்த்தால்தான் இளக்கமாக இருக்கும்.

காரணம் அணுக்களின் கணக்கில் இருக்கிறது. தங்க அணு செம்பு அணுவைவிட மூன்று மடங்கு கனம். அதனால் எடையில் முக்கால் பங்கு தங்கம் என்றாலும், எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. நல்ல சூட்டில் அவை கலந்து கிடக்கும். சுமார் 410 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மெதுவாக ஆறினால், ஒரு அடுக்கு தங்கம், அடுத்த அடுக்கு செம்பு என்று மாறி மாறி வரிசைகட்டும். சரிபாதியாக இருப்பதால் இந்த வரிசை கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. வரிசை கட்டிய அடுக்குகள் எளிதில் வழுக்காது, உலோகம் இறுகும். அதோடு படிகம் ஒரு திசையில் சுருங்கும். பக்கத்துப் பக்கத்துத் துகள்கள் வெவ்வேறு திசையில் சுருங்குவதால் உள்ளே இழுவிசை ஏறி, விரிசல் விடுகிறது. ரஷ்ய வேதியியலாளர் குர்னகோவும் உடன் உழைத்தவர்களும் இந்த மாற்றத்தை 1916-லேயே எழுதிவிட்டார்கள்.

22 காரட்டில் செம்பு மட்டுமே சேர்த்தாலும், எண்ணிக்கையில் அது ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத்தான் தாண்டும். அதனால்தான் உங்கள் பழைய பழக்கம் இத்தனை நாள் உங்களைக் கைவிடவில்லை.

சரி, இனி செய்ய வேண்டியது: வெளிச்சம் குறைந்த இடத்தில் மங்கிய சிவப்பு தெரியும்வரை, அதாவது 650 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள். சிவப்பு மறைந்ததும் உடனே தண்ணீரில் போடுங்கள். பற்றவைத்த பிறகும் இதே முறைதான். கல் பதித்த நகையை மட்டும் அப்படிப் போடாதீர்கள், கல் வெடிக்கும். ஏற்கெனவே இறுகிய, விரிசல் விடாத கம்பியை இப்படியே இளக்கிவிடலாம். விரிசல் விட்டதை மறுபடி உருக்கத்தான் வேண்டும். செம்பில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த எடைக்கு வெள்ளி சேர்த்தால் தொல்லை குறையும், நிறம் சற்று வெளிறும்.

கொக்கி மாதிரி விறைப்பு வேண்டிய உறுப்புகளை, வேலையெல்லாம் முடிந்த பிறகு 300 டிகிரிக்குச் சற்றுக் கீழே உலையில் வைத்து வேண்டுமென்றே இறுக்கலாம். முதலில் ஒரு துண்டுக் கம்பியில் சோதித்துப் பாருங்கள்.