சமையலறையில் சுட்டிக் குழந்தைகள்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

மகனுக்கு ஒன்றரை வயது. கீழே விட்டாலே அழுகை. இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கலாமா?

கூடாது. இடுப்பில் உட்கார்ந்த குழந்தைக்கு உங்கள் கை எட்டுகிற எல்லாமே எட்டும். மூடியைத் திறந்தால் ஆவி நேராக அவன் முகத்தில்தான் அடிக்கும். போதாததற்கு நீங்களும் ஒற்றைக் கையால் கொதிக்கிற பாத்திரத்தை இறக்க வேண்டியிருக்கும்.

அடுப்பைச் சுற்றி சுமார் 1 மீட்டருக்குள் குழந்தை வரக்கூடாது என்று ஓர் எல்லை வையுங்கள். தரையில் வண்ண டேப் ஒட்டினாலும் நல்லதே. ஆனால் அந்தக் கோடு பெரியவர்களுக்குத்தான். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ‘வராதே’ என்றால் புரியும், அடுத்த நிமிடமே மறந்தும் போகும். எல்லைக்கு வெளியே, உங்கள் முகம் தெரிகிற இடத்தில் உயர நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, கையில் ஒரு கிண்ணமும் மரக்கரண்டியும் கொடுங்கள். சத்தம் தாங்காதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அழுகை நிற்கவில்லையா? அடுப்பை அணைத்துவிட்டுத் தூக்குங்கள்.

அடுப்புப் பக்கமே விடுவதில்லை. அது போதாதா?

போதாது. இந்த வயதில் தீயைவிட அதிகம் சுடுவது சூடான திரவங்கள்தான். மேசை ஓரத்து டீ, தொங்கும் கெட்டில் வயர், இழுத்தால் மேலே இருப்பதையெல்லாம் கொட்டிவிடும் மேசை விரிப்பு, இவைதான் வழக்கமான வில்லன்கள். போட்டு கால் மணி நேரம் ஆன டீகூடக் குழந்தையின் மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும். மடியில் குழந்தை இருக்கும்போது சூடாக எதையும் குடிக்காதீர்கள். சமைக்கும்போது பின்பக்க பர்னரையே முதலில் பயன்படுத்துங்கள், பாத்திரக் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். மின்அடுப்பின் கண்ணாடித் தட்டு அணைத்த பிறகும் சுடும். பார்த்தால் தெரியாது.

சுட்டுவிட்டால் பற்பசை தடவலாமா?

பற்பசை, வெண்ணெய், மாவு, ஐஸ் எதுவுமே வேண்டாம். உடனே குழாயைத் திறந்து, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். 20 நிமிடம் என்பது அழுகிற குழந்தையோடு நிற்பவருக்கு முடிவில்லாத நேரம், பாதியில் நிறுத்திவிடவே தோன்றும். நிறுத்தாதீர்கள். பதற்றத்தில் முதலில் விட்டுப்போயிருந்தாலும் 3 மணி நேரத்துக்குள் இதைச் செய்தால் பலன் உண்டு. உடலின் மற்ற பகுதி குளிர்ந்துவிடாமல் போர்த்தி வையுங்கள். நனைந்த உடை, டயப்பர், வளையல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டியதை மட்டும் இழுக்காதீர்கள். பிறகு உணவை மூடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை (கிளிங் ஃபிலிம்) இறுகச் சுற்றாமல் மேலே படிய வைத்து மூடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு இவற்றில் பட்டிருந்தால், அல்லது காயம் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால், நேராக மருத்துவமனைதான்.

மூன்று வயது மகள் ‘நானும் சமைப்பேன்’ என்று அடம்பிடிக்கிறாள். விடலாமா?

தாராளமாக விடுங்கள். வேலை இல்லாத குழந்தைதான் அடுப்பைத் தேடி வரும். காய் கழுவுவது, கீரை கிள்ளுவது, வாழைப்பழம் மசிப்பது, ஆறிய மாவைக் கலக்குவது எல்லாம் அவளால் முடியும். அடுப்பிலிருந்து தள்ளி, அவள் உயரத்துக்கு ஏற்ற தாழ்ந்த மேசையில் வேலை கொடுங்கள். முக்காலி மேல் ஏற்றினால் பக்கத்திலேயே நில்லுங்கள். பச்சை மாவையோ பச்சை முட்டை கலந்த கலவையையோ நக்க விடாதீர்கள். முட்டையில் மட்டுமல்ல, வேகாத மாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம்.

சமைக்கும்போது கொறிக்க என்ன கொடுக்கலாம்?

மென்மையான எதுவும் கொடுக்கலாம். முழு முந்திரி, நிலக்கடலை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் மட்டும் வேண்டாம். முந்திரி, கடலை போன்ற முழுக் கொட்டை வகைகள் 5 வயதுவரை கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், குறுக்கே வெட்டினால் தொண்டையை அடைக்கும் வட்டம் அப்படியே இருக்கும். உட்கார்ந்து சாப்பிடட்டும், ஓடிக்கொண்டே மெல்ல வேண்டாம்.

கத்தி, லைட்டர், கழுவும் திரவம் எல்லாம் பூட்டியாகிவிட்டது. இன்னும் ஏதாவது உண்டா?

எடை பார்க்கும் சமையலறைத் தராசு. பலர் யோசிப்பதே இல்லை. பல தராசுகளில், டைமர்களில் நாணயம் போன்ற தட்டை பேட்டரி இருக்கிறது. விழுங்கியது உணவுக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தோடு சேர்ந்து மின்சாரம் ஓடி, காரப்பொருள் (ஆல்கலி) உருவாகித் திசுவை அரிக்கும். 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் உண்டாகலாம். தீர்ந்துபோன பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். மூடி ஸ்குரூ போட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் தராசை உயரத்தில் பூட்டி வையுங்கள். விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அறிகுறி தெரியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள்.