நாகர்கோவிலில் ஆடிப்பட்டம் பார்த்து விதைக்கலாமா?
மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்குக் குடிவந்த நீங்கள், இங்கும் ஆடியில் மாடித்தோட்டம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், காற்றுக்குத் தடுப்பு கட்டிவிட்டு.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. நெல்லில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைவது அதனால்தான். ஆனாலும் குலசேகரம் பக்கம் ரப்பர் வளரும் ஈரம். கிழக்கே முப்பந்தலில் காற்றாலை சுழலும் வறட்சி. நாகர்கோவில் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் பாயும் மேல்காற்று மாடித் தக்காளியைச் சும்மா விடாது. இலை ஓரம் கருகும், பூ உதிரும், பிறகு ஊன்றிய குச்சியோடு செடியே சாயும். மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டுங்கள். அந்த மாதங்களுக்குக் கீரையும் வெண்டையும் போதும். தக்காளி, கத்தரி விதையை ஐப்பசியில் கூரைக்கடியில் நாற்றுவிட்டு, அடைமழை ஓய்ந்ததும் கார்த்திகைக் கடைசியில் நட்டால் மாசி வரை பறிக்கலாம்.

தொட்டிக்கு இங்குள்ள செம்மண்ணை எடுத்தால் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்துகொள்ளுங்கள். மழை அதிகமான இடத்து மண்ணில் அமிலத்தன்மை மிகுந்திருக்கும். தரையில் இடமிருந்தால் மட்டி வாழை வையுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம், ருசிக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை. குலை தள்ளியதும் முட்டுக்கொடுத்துவிடுங்கள்.