துரை பங்களா ரத்தினக் கம்பளம்: துவைக்கும் முன், விற்கும் முன்

கேள்வி: 1948-இல் ஒரு தேயிலைத் தோட்டத் துரை ஊர் திரும்பியபோது நடந்த ஏலத்தில் என் மாமனார் எடுத்த, பூ வேலைப்பாடுள்ள கம்பளி விரிப்பு எங்கள் வீட்டில் இருக்கிறது. ‘ஏலூர்க் கம்பளம்’ என்று சொல்வார். பார்க்க வந்த ஒரு வியாபாரி, “இது வெறும் ஜெயில் கம்பளம், ஐயாயிரம் தருகிறேன்” என்றார். இன்னொருவர், “அசல் பெர்ஷியன். துவைத்து, சர்டிபிகேட்டும் வாங்கித் தருகிறேன், முப்பதாயிரம் முன்பணம் கொடுங்கள்” என்கிறார். யாரை நம்புவது? கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பலாமா? (வாசகி, குன்னூர்)

இருவரையும் நம்பாதீர்கள் அம்மா. முன்பணம் வேண்டவே வேண்டாம். தரகர் அச்சடித்துத் தரும் சர்டிபிகேட்டுக்குக் காகித விலைகூடக் கிடையாது. கழுவித் தருகிறேன் என்று தூக்கிப்போய், அதே நிறத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து விரிப்பது இந்தத் தொழிலின் பழைய திருட்டு.

மாமனார் சொன்னது முழுக்கவே சாத்தியம். பாரசீகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்த தொழில் என்று ஏலூரில் (இன்று ஆந்திராவில் இருக்கிறது) சொல்வார்கள். சென்னை மாகாணத்தில் ஏலூர், மசூலிப்பட்டினம், வாலாஜாபேட்டை, தஞ்சைப் பக்கத்து அய்யம்பேட்டை என்று பல ஊர்களில் கம்பளத் தறிகள் ஓடின. 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகு இந்தியக் கம்பளம் விரித்த வரவேற்பறைதான் ரசனையான வீடு என்றானது. கூடவே விலையைக் குறை, சீக்கிரம் நெய் என்ற நெருக்கடியும் வந்தது. மசூலிப்பட்டினக் கம்பளங்களின் தரம் சரிந்ததையும், கைதிகளை வைத்து நெய்த சிறைத் தறிகளின் போட்டியையும், இந்தியக் கைவினைகளை ஆராய்ந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் பேர்ட்வுட் 1880-லேயே கண்டித்து எழுதினார்.

அதற்காக ஜெயில் கம்பளம் என்றாலே மட்டம் என்று அர்த்தமில்லை. விக்டோரியா மகாராணிக்காக ஆக்ரா சிறைக் கைதிகள் நெய்த கம்பளம் விண்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்துக்குப் போனது. எடை சுமார் 2 டன்! ‘ஜெயில்’ என்ற சொல் விலையை அடிக்கத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது, கம்பளத்தைத் திருப்பிப் பார்ப்பது. பின்பக்கத்திலும் பூ வேலை தெளிவாகத் தெரிந்து, முடிச்சுகள் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் இருந்தால் கைவேலை. ஓரத்துக் குஞ்சம், நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தனியாகத் தைத்திருந்தாலோ, பின்னால் பசை தடவித் துணி ஒட்டியிருந்தாலோ சந்தேகப்படுங்கள். உதிர்ந்த இழை ஒன்றைக் கொளுத்துங்கள்: கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கட்டியாகும்.

துவைப்பது பற்றி: ஈர வெள்ளைப் பருத்தித் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் சில நிமிடம் அழுத்துங்கள். துணியில் நிறம் ஏறினால் தண்ணீரே படக்கூடாது. 1856-க்குப் பின் வந்த அனிலின் என்ற செயற்கைச் சாயங்களில் பல ஈரத்தில் ஓடும், வெயிலில் வெளிறும். இதை வைத்து, “ரசாயனச் சாயம், காசு பெறாது” என்று தரகர் அடித்துப் பேசுவார். ஒரு விலக்கு உண்டு, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1868-இல் ஜெர்மனியில் செயற்கையாகத் தயாரித்த அலிசரின், நம் கடற்கரையோரச் சாயவேரில் இருக்கும் அதே சிவப்புப் பொருள்தான். முறையாக ஏற்றியிருந்தால் எளிதில் ஓடாது. அப்படிப்பட்ட சிவப்பைக் கண்ணால் பார்த்து வேரா, ஆலையா என்று யாரும் சொல்ல முடியாது. சோதனைக்கூடத்தில்கூட எளிதல்ல. ஆகவே சிவப்பைக் காட்டி ஒருவர் விலை பேசினால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கனடாவுக்கு அனுப்புவது சிக்கல். 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்தது பழம்பொருள். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. நூறாகவில்லை என்றால், ‘பழம்பொருள் அல்ல’ என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் (மத்திய அரசுத் துறை) சான்று வாங்க வேண்டும். ஏலம் 1948 என்பது வாங்கிய ஆண்டுதான். நெய்தது 1890 ஆகவும் இருக்கலாம், 1935 ஆகவும் இருக்கலாம். கோயில் சிலைக் கடத்தலையும், தாய் தன் மகளுக்குக் கொடுக்கும் விரிப்பையும் ஒரே சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த நூறாண்டுக் கோடும் வருடாவருடம் தானாக நகர்கிறது. 1930-இல் நெய்தது இன்னும் சில ஆண்டுகளில் பழம்பொருள் ஆகிவிடும். திருத்த யாருக்கும் அவசரமில்லை. “புதுக் கைவினைப் பொருள் என்று எழுதி அனுப்பிவிடலாம்” என்பார் தரகர். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. சுங்கத்தில் பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

என்ன செய்வது என்று முடிவாகும் வரை மடிக்காமல் தடித்த குழாயில் சுருட்டி, வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி வையுங்கள். அந்துருண்டையைக் கம்பளியின் மேல் நேரடியாகப் போடாதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் பிரித்துப் பூச்சி பாருங்கள். முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, குஞ்சம், கிழிசல் எல்லாவற்றையும் அளவுநாடா வைத்துப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிடுங்கள். பழுதுபார்க்க யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அந்தப் படங்களின் நகலில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.