ஒரு தடவை குட்டி போட்ட பிறகுதான் கருத்தடையா?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். எங்கள் ஷிட்சு பெண் நாய்க்கு 13 மாதம். முதல் ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து 5 வாரம் ஆகிறது. இப்போது ஒரு துணிப்பொம்மையைக் கூடைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடுவதில்லை. "பிள்ளைக்கு ஏங்குது, ஒரு தடவையாவது குட்டி போடட்டும், அப்புறம் ஆபரேஷன் செய்யலாம்" என்கிறார் மாமியார். புக்கிட் மெர்தாஜாமில் என் தம்பி 7 மாத கோல்டன் ரெட்ரீவர் ஆண் நாய் வளர்க்கிறான். அதற்கு உடனே காயடிக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். என் தோழியோ, வளர்ப்பு நாய் எல்லாவற்றுக்கும் கருத்தடையைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்கிறாள். எதைக் கேட்பது?

பதில்: மாமியார் கண்ணில் பட்டது உண்மை. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தவறு. ஹீட் முடிந்தபின் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் பெண் நாயின் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பு உயர்ந்தே இருக்கும். சினைப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். அது இறங்கும் நேரத்தில் பால் சுரக்கவைக்கும் இன்னொரு சுரப்பு ஏறுகிறது. மடி வீங்கும், காம்பில் பால் கட்டும், பொம்மையைக் குட்டியாக நினைத்துக் காக்கும். இதற்குப் பொய்ச்சினை என்று பெயர். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கிவிடும். பொம்மையை எடுத்து ஒளித்து வையுங்கள், நடைக்குக் கூடுதலாக அழைத்துப் போங்கள். பால் வருகிறதா என்று பார்க்கக் காம்பைப் பிழியவே கூடாது. பிழியப் பிழியச் சுரக்கும். மடி சூடாகி, கல் போல் இறுகினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு தடவை குட்டி போடுவதால் நாயின் ஆயுளோ ஆரோக்கியமோ கூடுவதில்லை. மாறாக, ஒவ்வொரு ஹீட்டுக்குப் பின்னும் அதே புரோஜெஸ்டிரோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. வயது ஏற ஏற அந்தத் தடித்த சுவரில் கிருமி தங்கிச் சீழ் பிடிக்கும். கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் இந்த நோய் வருவதாகச் சுவீடன் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, சோர்வு, வாந்தி, பின்பக்கம் நாற்றமடிக்கும் கசிவு ஆகியவை அறிகுறிகள். கசிவே இல்லாமல் சீழ் உள்ளே அடைபட்டால் இன்னும் ஆபத்து. அன்றைக்கே அறுவை செய்தாக வேண்டும்.

மடிப் புற்றுநோய்க்கு வருவோம். கருத்தடை செய்யாத நாயின் ஆபத்தை 100 என்று வைத்தால், முதல் ஹீட்டுக்கு முன் கருத்தடை செய்த நாய்க்கு அது 0.5 விழுக்காடாகவும், முதல் ஹீட்டுக்குப் பின் 8 விழுக்காடாகவும், இரண்டாவதற்குப் பின் 26 விழுக்காடாகவும் ஆகிறது என்று 1969இல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. இந்த எண்களை இன்றும் பல கிளினிக் சுவர்களில் பார்க்கலாம். பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2012இல் செய்த மறுபரிசீலனையோ அந்தச் சான்று பலவீனமானது என்றது. அதனால் புற்றுநோய்ப் பயத்தைவிடக் கருப்பைச் சீழையே கருத்தடைக்கு முதல் காரணமாகக் கொள்ளுங்கள்.

உங்கள் நாய்க்கு நாள் குறிக்கலாம், ஆனால் இந்த வாரம் வேண்டாம். பால் இருக்கும்போது அறுவை செய்தால் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்கி, பொய்ச்சினை நீண்டு இழுக்கக்கூடும். ஹீட் முடிந்து மூன்று மாதம் ஆகட்டும், மடி முழுக்க வற்றட்டும். அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் உண்ணிக்கு ஓய்வே கிடையாது. உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் உடம்பில் கிடக்கும். அது ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். நன்றாக ஓடியாடும் நாய் அறுவை மேசையில் ரத்தம் உறையாமல் தத்தளிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விலை மலிவாகச் சொல்லும் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை அந்தக் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஷிட்சுவுக்கு மூக்கு சப்பை. மயக்கம் தெளியும் நேரம்தான் அதற்குக் கண்டம். மூச்சு விடத் தொண்டையில் செருகிய குழாயை நாய் நன்றாக விழிக்கும்வரை எடுக்காமல் வைத்திருப்பார்களா, விழிக்கும்வரை பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதையும் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் நாயை விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் 10 முதல் 14 நாள் கூம்புப்பட்டை கழுத்தில் இருக்கட்டும். பாவம் என்று ஒரு மணி நேரம் கழற்றி வைத்தால்கூடத் தையலை நக்கிப் பிரித்துவிடும். குளியல் கூடாது, சோபாவில் ஏறிக் குதிக்கக் கூடாது. காயம் ஆறியதும் சாப்பாட்டு அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் குட்டி வேண்டும் என்றால், அதை முறையாகச் செய்ய வேண்டும். இந்த வயதில் வேண்டாம்; இரண்டு வயதை நெருங்கட்டும். முழங்கால் சில்லு நழுவுகிறதா, கண், சிறுநீரகம், மூக்குத் துளையின் அகலம் எப்படி என்று முதலில் சோதிக்க வேண்டும். சில்லு நழுவும் நாயிலிருந்து குட்டி எடுத்தால் அந்தக் கால்வலி குட்டிகளுக்கும் போகும். ஆண் நாய்க்கும் இதே சோதனைகளோடு புருசெல்லா பரிசோதனையும் வேண்டும். கருவைக் கலைக்கும் அந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும். ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட ஆண் நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கருமுட்டை வெளியான நாளிலிருந்து 63 நாளில் குட்டி பிறக்கும். 55ஆம் நாளுக்கு மேல் ஓர் எக்ஸ்ரே எடுத்து எத்தனை மண்டை ஓடு தெரிகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வயிற்றில் ஒன்று மீந்துவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும். கடைசி வாரம் தினம் இருமுறை ஆசனவாயில் வெப்பமானி வையுங்கள். 37 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி எடுக்கும். முதல் குட்டி வருமுன் பச்சை நிறக் கசிவு, அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராதது, அடுத்த குட்டிக்கு இடைவெளி இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவது, இதில் எது நடந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஷிட்சு குட்டிக்குத் தலை பெரிது, தாய்க்கு இடுப்பு சிறிது. சிசேரியன் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் திறந்திருக்கும் கிளினிக் எது என்று முன்பே தெரிந்து வையுங்கள்.

பிறந்த குட்டிக்கு நடுங்கி உடம்பைச் சூடாக்கத் தெரியாது. முதல் வாரம் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி வேண்டும், மேலே விசிறிக் காற்று படக்கூடாது. சமையலறைத் தராசில் தினம் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வையுங்கள்; ஒரு நாள் முழுக்க எடை ஏறாத குட்டி ஆபத்தில் இருக்கிறது. தாய்க்குப் பால் பெருகும் மூன்றாம் வார வாக்கில் கால் விறைத்து, நடுங்கி, உடம்பு கொதித்தால் அது சுண்ணச்சத்து (கால்சியம்) வீழ்ச்சி. அந்த நிமிடமே டாக்டர் வேண்டும். இதைத் தடுப்பதாக எண்ணிச் சினைக் காலத்திலேயே கால்சியம் மாத்திரை கொடுப்பவர்கள் உண்டு. அது நேர்மாறான வேலை செய்கிறது: எலும்பிலிருந்து சுண்ணச்சத்தை எடுக்கும் பழக்கம் உடம்புக்கு மழுங்கிப்போய், பால் கொடுக்கும்போது தாய் துவண்டுவிடும்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எந்த வயதில் திரும்பி வந்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்ற உறுதி இல்லாதவர்கள் குட்டி எடுக்கவே வேண்டாம். விற்பனைக்காகத் தொடர்ந்து குட்டி எடுப்பவர்களுக்கு 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்கீழ் கால்நடை சேவைத் துறையின் உரிமம் தேவை.

தம்பி நாயின் கணக்கு வேறு. ஆண் பெண் சுரப்புகள்தான் எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டை மூடச் சொல்கின்றன. அவற்றைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் கால் எலும்பு கொஞ்சம் கூடுதலாக நீண்டு மூட்டின் கோணம் மாறுகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 759 கோல்டன் ரெட்ரீவர்களை வைத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்குள் காயடித்த ஆண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இருந்தது. காயடிக்காதவற்றைப் போல் அது இரண்டு மடங்கு. அதே குழு 2020இல் 35 இனங்களைப் பார்த்தபோது சிறிய இனங்களில் பொதுவாக இந்த மூட்டுப் பிரச்சினை கூடவில்லை. ஆகவே தம்பி ஒரு வயது தாண்டும்வரை காத்திருப்பது நல்லது. ஆனால் காத்திருப்பவர் கேட்டைப் பூட்டி வைக்க வேண்டும்.

தோழியின் வாதத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. சந்தைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் கண் திறக்காத குட்டிகளைப் பார்த்தவருக்கு அந்தக் கோபம் வருவது நியாயம். 2015இல் வெறிநாய்க்கடி நோய் பினாங்கு, கெடா, பெர்லிசில் பரவியபோது பினாங்கில் தெருநாய்கள் கொல்லப்பட்டன. வீட்டில் தடுக்காமல் விட்ட குட்டிகளுக்கான விலையைத் தெருவில் நாய்கள் கொடுத்தன. ஆனாலும் எல்லா நாய்க்கும் ஒரே வயதைச் சட்டத்தில் எழுதினால் உங்கள் ஷிட்சுவுக்குப் பொருந்துவது கோல்டனுக்குக் கெடுதலாகும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2008இல் நான்கு மாத வயதையே எல்லையாக வைத்தது. நார்வே நேர் எதிர். அங்கே 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தக்க காரணமின்றி நாயை அறுவைக்கு உட்படுத்தக் கூடாது, நாய்களைக் கயிற்றோடும் வேலிக்குள்ளும் வைத்தே சமாளிக்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. மலிவான கிளினிக் இல்லாமல் கட்டாயம் மட்டும் வந்தால், பணம் இல்லாதவர் மாநகர் மன்றத்தின் நாய் உரிமமே எடுக்காமல் நாயை ஒளிப்பார். அந்த நாய்க்குத் தடுப்பூசியும் போகாது. வெளியே திரியவிடும் நாய்க்கும், காப்பகத்திலிருந்து தத்துப்போகும் நாய்க்கும் கட்டாயம் இருக்கட்டும். வேலிக்குள் வளரும் நாய்க்கு எந்த வயது என்பதை டாக்டர் சொல்லட்டும். குட்டி விற்பவர் கழுத்தில்தான் சட்டம் இறுக வேண்டும்.

இப்போதைக்கு ஒன்றை மறக்காதீர்கள். 7 மாத ஆண் நாய்க்குச் சினைப்படுத்தும் திறன் வந்துவிட்டிருக்கும். காயடித்த பிறகும் ஒரு மாதம், சில வேளை ஆறு வாரம் அது மிச்சம் இருக்கும். உங்கள் நாய்க்கு ஆபரேஷன் தள்ளிப்போய், அடுத்த ஹீட் சுமார் ஐந்து மாதத்தில் வந்துவிட்டால், ரத்தக் கசிவு தெரிந்த நாளிலிருந்து முழுதாக மூன்று வாரத்துக்கு இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு வருவதாக இருந்தாலும் கோல்டன் புக்கிட் மெர்தாஜாமிலேயே இருக்கட்டும்.