பாலியேட்டிவ் கேருக்கு எழுதிக் கொடுத்தால் டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். இரண்டு கீமோ முடிந்திருக்கிறது. போன வாரம் டாக்டர், “பாலியேட்டிவ் கேர் பிரிவிலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். இனி கீமோ கிடையாதா? அங்கே கொடுக்கும் மார்ஃபின் ஆளைச் சீக்கிரம் முடித்துவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். போகலாமா? – மதுரை வாசகி

பதில்: போங்கள், அடுத்த கீமோவுக்கு முன்பே போங்கள். பாலியேட்டிவ் கேர் என்பது வலி, மூச்சுத்திணறல், மனக்கஷ்டம் போன்ற நோயின் தொல்லைகளைக் குறைக்கும் சிகிச்சை. கீமோ அது பாட்டுக்கு நடக்கும். அதை நிறுத்துவதா தொடர்வதா என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவரும் அப்பாவும் பேசித்தான் முடிவெடுப்பார்கள்.

அம்மாவின் பயம் ஆதாரமில்லாதது அல்ல. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ், இறுதிக் காலத்தில் இருந்தவர்களுக்காகத்தான் தொடங்கப்பட்டது. 1990இல் உலக சுகாதார நிறுவனம் எழுதிய வரையறையும், இனி குணமாக வழியில்லை என்றானவர்களைப் பற்றித்தான் பேசியது. 2002இல் அந்த நிறுவனமே அதை மாற்றி எழுதியது. உயிருக்கு ஆபத்தான நோய் என்று தெரிந்த தொடக்கத்திலேயே, கீமோ, கதிர்வீச்சு போன்றவற்றோடு சேர்த்தே இதையும் கொடுக்க வேண்டும் என்றது. குடும்பத்தாரின் கஷ்டத்தையும் கவனிக்கச் சொன்னது. இன்று இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு, மறதிநோய் உள்ளவர்களும் இந்தப் பிரிவுக்கு வருகிறார்கள். ஆனால் மக்கள் மனதில் பழைய அர்த்தமே நிற்கிறது. அதனால் பலர் கடைசி வாரத்தில்தான் எங்களிடம் வருகிறார்கள். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் இவர் இத்தனை ராத்திரி தூங்காமல் தவித்திருக்க வேண்டாமே என்று ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்ளும்.

உங்கள் அப்பாவுக்கு இருக்கும் நோயிலேயே ஓர் ஆய்வு உண்டு. நுரையீரல் புற்றுநோய் பரவியிருந்த 151 பேரை வைத்து பாஸ்டனில் செய்து, 2010இல் வெளியிட்டார்கள். தொடக்கத்திலிருந்தே பாலியேட்டிவ் கேரும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, அன்றாட வாழ்க்கையும் மேலாக இருந்தது. அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் ஆயுள் இப்படிக் கூடவில்லை, அதனால் அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அப்பா நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவதற்காகப் போங்கள்.

சரி, மார்ஃபின். அங்கே போகிற எல்லாருக்கும் அதைக் கொடுப்பதில்லை. கடுமையான வலியோ மூச்சுத்திணறலோ இருந்தால்தான் கொடுப்பார்கள். அதையும் குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துக் கூட்டுவார்கள். அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைக்காது. பெரும்பாலும் கடைசி நாட்களில்தான் அதைக் கொடுப்பதைப் பார்த்ததால், நோய் செய்ததை மக்கள் மருந்தின் மேல் போட்டுவிட்டார்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், அப்புறம் குறையும். மலச்சிக்கல் மட்டும் விடாது. அதனால் மலமிளக்கியையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

போகும்போது ரிப்போர்ட்டுகளோடு ஒரு தாளும் கொண்டுபோங்கள். எங்கே வலிக்கிறது, எந்த நேரத்தில் கூடுகிறது, எத்தனை மணி நேரம் தூங்கினார், வெளிக்குப் போனாரா என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு, அந்த எண்ணைப் போனில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தச் சேவை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அம்மாவையும் கூட்டிப்போங்கள். மார்ஃபின் பயத்தை அங்கே டாக்டரிடமே அவர் வாய்விட்டுக் கேட்கட்டும்.