மைக்ரோசாஃப்ட் கிராஃப் வழியே மெயிலும் காலண்டரும்: கேள்வி பதில்

(மைக்ரோசாஃப்ட் கிராஃப் என்பது மைக்ரோசாஃப்ட் 365-இன் மெயில், காலண்டர் தரவை ஸ்கிரிப்ட் மூலம் கேட்டு வாங்கும் ஏபிஐ, அதாவது ஒரு நிரல் இன்னொரு சேவையிடம் பேசும் வழி.)

கேள்வி: இன்பாக்ஸில் ஆயிரக்கணக்கில் மெயில் இருக்கு சார். ஸ்கிரிப்டில் கேட்டால் 10 மட்டும்தான் வருது.

பதில்: ஒரு பக்கத்துக்கு 10 என்பதுதான் அங்கே இயல்பு. கோரிக்கை முகவரியில் $டாப் கொடுத்து 1000 வரை கூட்டலாம். மீதிக்கு, பதிலோடு வரும் நெக்ஸ்ட்லிங்க் முகவரியை அப்படியே அடுத்த கோரிக்கையாக அனுப்புங்கள். அது வருவது நிற்கும்வரை லூப் ஓடட்டும். அந்த முகவரிக்குள் கை வைக்காதீர்கள். $செலக்ட் போட்டு வேண்டிய புலங்களை மட்டும் கேளுங்கள், மெயிலின் உடலையும் சேர்த்து இழுத்தால் மெதுவாகும்.

கேள்வி: பவர்ஷெல்லில், முடிவுகளை வடிகட்ட $ஃபில்டர் கொடுத்தேன். கண்டுகொள்ளவே இல்லை.

பதில்: முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்திருப்பீர்கள். பவர்ஷெல் $ஃபில்டரைத் தன் வேரியபிள் என்று எடுத்துக்கொண்டு அந்த இடத்தைக் காலியாக்கிவிடும். ஒற்றை மேற்கோள் போடுங்கள், அல்லது டாலருக்கு முன்னால் ஒரு பேக்டிக் (`).

கேள்வி: வாராந்திர மீட்டிங் ஒரே ஒரு தடவைதான் வருது. அதுவும் ஐந்தரை மணி நேரம் முன்னால் காட்டுது.

பதில்: இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். ஈவென்ட்ஸ் கேட்டால் தொடரின் மூலப் பதிவு ஒன்றுதான் கிடைக்கும். ஒவ்வொரு வார நிகழ்வும் வேண்டுமென்றால் காலண்டர்வியூவைத் தொடக்கம், முடிவு கொடுத்துக் கேளுங்கள். நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வருகிறது. கோரிக்கையின் பிரிஃபர் ஹெடரில் அவுட்லுக்.டைம்சோனை 'இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்' என்று வையுங்கள். அந்த ஹெடர் பதிலில் வரும் நேரத்தை மட்டுமே மாற்றும், நீங்கள் அனுப்பும் தொடக்கத்தையும் முடிவையும் தொடாது. நவம்பர் 3 முழுதும் வேண்டுமென்றால் நவம்பர் 2, 18:30 யுடிசி முதல் நவம்பர் 3, 18:30 யுடிசி வரை கேட்க வேண்டும். +05:30 என்றே எழுதுவதானால் பிளஸ் குறியை %2பி ஆக்குங்கள். இல்லையேல் அது இடைவெளியாகிக் கோரிக்கை பிழையாகும்.

கேள்வி: எனக்கும் 10 மெயில்தான் வருது, ஏன்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஒரு பொதுப் பெட்டியை மட்டும் இரவில் தானாகப் படிக்கணும். மெயில்.ரீட் அப்ளிகேஷன் பெர்மிஷன் வாங்கிட்டேன். 'மீ' போட்டால் பிழை.

பதில்: 'மீ' என்றால் உள்நுழைந்தவர், யாரும் உள்நுழையாத ஓட்டத்தில் அது செல்லாது. 'யூசர்ஸ்' போட்டு அந்தப் பெட்டியின் முகவரியைக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் வாங்கியிருக்கும் பெர்மிஷன் உங்கள் நிறுவனத்தின் அத்தனை பெட்டிகளையும் திறக்கும்.

கேள்வி (அவரே): உள் ஸ்கிரிப்ட்தானே சார்? என் கோடு ஒரு பெட்டியைத்தானே தொடுது?

பதில்: ஆப்பின் சீக்ரெட் (அதன் கடவுச்சொல் போன்றது) வேறொருவர் கையில் சிக்கினால் அவர் உங்கள் கோடை ஓட்ட மாட்டார், சம்பளப் பிரிவின் பெட்டியைத்தான் கேட்பார். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பவர்ஷெல்லில் ஆப்பை சர்வீஸ் பிரின்சிபலாக (உங்கள் நிறுவனத்துக்குள் ஆப்பின் அடையாளமாக) பதியுங்கள். அந்தப் பெட்டியை மட்டும் அடக்கும் மேனேஜ்மென்ட் ஸ்கோப் ஒன்று வகுத்து, 'அப்ளிகேஷன் மெயில்.ரீட்' ரோலை அந்த ஸ்கோப்போடு கொடுங்கள். பதியும்போது கேட்கும் ஆப்ஜெக்ட் ஐடியை எண்டர்பிரைஸ் அப்ளிகேஷன்ஸ் பக்கத்திலிருந்து எடுங்கள். ஆப் ரெஜிஸ்ட்ரேஷன்ஸில் இருப்பது வேறு ஐடி.

கேள்வி (இன்னொருவர்): நானும் அப்படித்தான் செய்தேன். இன்னும் எல்லாப் பெட்டியும் திறக்குது. வேலை செய்யாத வசதியை ஏன் சொல்றீங்க?

பதில்: வேலை செய்கிறது. என்ட்ரா ஐடியில் (மைக்ரோசாஃப்டின் கணக்கு, உரிமை நிர்வாகச் சேவையில்) பழைய மெயில்.ரீட் ஒப்புதலை விட்டுவைத்திருக்கிறீர்கள். இரண்டு இடத்து உரிமையும் கூட்டப்படும், ஒன்று மற்றதைக் குறைக்காது. பழையதை நீக்குங்கள். மாற்றம் நடைமுறைக்கு வர 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் ஆகும். டெஸ்ட்-சர்வீஸ்பிரின்சிபல்ஆதரைசேஷன் கட்டளை அந்தத் தாமதம் இல்லாமல் காட்டும், அதில் சரிபாருங்கள்.

கேள்வி: 429 பிழை?

பதில்: அளவுக்கு மீறிக் கோரிக்கை அனுப்புகிறீர்கள் என்று பொருள். ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் சொல்லும் விநாடிகள் காத்திருங்கள். ஒரு பெட்டிக்கு ஒரே நேரத்தில் 4 கோரிக்கைக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: ஜிமெயிலுக்கும் இதே முறையா?

பதில்: இல்லை. அது கூகுளின் தனி ஏபிஐ, அதன் ஆவணத்தைப் பாருங்கள்.

கேள்வி: நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் இன்று 7000222 என்று நிற்குது.

பதில்: கிளையன்ட் சீக்ரெட் காலாவதி. புதியதை உருவாக்கியதும் 'வேல்யூ'வை நகலெடுங்கள். பக்கத்தில் உள்ள 'சீக்ரெட் ஐடி'யை எடுத்தால் அடுத்து 7000215 வரும். 'வேல்யூ'வை ஸ்கிரிப்டுக்குள் எழுதாதீர்கள். முடிந்தால் சர்டிஃபிகேட்டுக்கு மாறுங்கள்.