தெருமுனையில் பெட்ரோல் பங்க்: ஆட்சேபம் எங்கே, எப்போது?

கேள்வி: திண்டுக்கல் அருகே டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் குடியிருக்கிறோம். தெருமுனைக் காலியிடத்தில் பெட்ரோல் பங்க் வருகிறதாம். வருவாய்த் துறையினர் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். அந்த இடத்தின் எல்லையிலிருந்து எங்கள் வீடு 28 மீட்டர். பக்கத்தில் ஓர் அங்கன்வாடியும் 6 படுக்கை கொண்ட மருத்துவமனையும் உள்ளன. 50 மீட்டருக்குள் பங்க் வரவே முடியாது என்கிறார்களே, எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. அந்த 50 மீட்டர் விதியை முழுதாகப் படித்துவிட்டு மனு எழுதுங்கள். பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து புதிய பங்க் 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 7.1.2020 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில் அது இருக்கிறது. தூரத்தை இடத்தின் எல்லையிலிருந்து அளப்பதில்லை. டேங்கர் லாரி எண்ணெய் இறக்கும் வாய், வண்டிக்கு நிரப்பும் பம்ப், நிலத்தடித் தொட்டியின் வென்ட் குழாய் ஆகிய மூன்றில் எது அருகில் இருக்கிறதோ அங்கிருந்துதான் அளக்க வேண்டும். லாரியிலிருந்து பெட்ரோல் தொட்டிக்குள் இறங்கும்போது உள்ளே தேங்கியிருந்த ஆவி வெளியேறுவது அந்த வென்ட் குழாய் வழியாகத்தான். அதை மனையின் பின்மூலையில் வைத்தால் உங்கள் 28 மீட்டர் 45 மீட்டராகவும் ஆகலாம். ஆகவே முதலில் கையில் வேண்டியது பங்க் அமைப்பவர் விண்ணப்பத்தோடு கொடுத்த தள வரைபடம்.

50 மீட்டர் தூரம் விட இடமில்லை என்றால், பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) சொல்லும் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு பங்க் வரலாம். 30 மீட்டருக்குக் குறைந்தால் எந்தச் சமாதானமும் செல்லாது. உங்கள் பலமான வாதம் 30க்குக் கீழேதான். 30க்கும் 50க்கும் இடையில் என்றால், 'அந்தக் கூடுதல் ஏற்பாடுகள் என்னென்ன?' என்றுதான் கேட்க முடியும்.

அடுத்த சிக்கல், வீடு இருந்தாலே அது விதி சொல்லும் குடியிருப்பு ஆகிவிடாது. 'உள்ளூர்ச் சட்டப்படி குடியிருப்பாக வகைப்படுத்திய பகுதி' என்பதுதான் வாசகம். முழுமைத் திட்டத்திலோ (மாஸ்டர் பிளான்) விரிவு அபிவிருத்தித் திட்டத்திலோ உங்கள் சர்வே எண் எந்த நில உபயோகத்தில் வருகிறது என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மனைப்பிரிவு அங்கீகார உத்தரவையும் வரைபடத்தையும் சேர்த்து வையுங்கள். உங்களிடம் உள்ள பெரிய ஆயுதம் அதுதான். மருத்துவமனையை விட்டுவிடுங்கள், 10 படுக்கையாவது இருந்தால்தான் கணக்கு. விதியில் உள்ள சொல் 'பள்ளி'. அங்கன்வாடியும் அதில் அடங்கும் என்று வாதிடலாம், ஆனால் அதை மட்டும் நம்பி வழக்குக்குப் போக வேண்டாம்.

இப்போது காலம். பெட்ரோலிய விதிகள் 2002, விதி 144ன்படி தடையில்லாச் சான்று தர வேண்டியவர் உங்கள் ஊரில் மாவட்ட ஆட்சியர். போலீஸ் கமிஷனர் உள்ள நகரங்களில் கமிஷனர். விண்ணப்பம் வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். வருவாய்த் துறை அளந்திருக்கிறது என்றால் கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆட்சேபம் வேலை செய்யும் நேரம் இதுதான். சான்று கொடுத்தபின் விதி 150ன்கீழ் ரத்து கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த விதி, உரிமதாரர் அந்த இடத்தைப் பயன்படுத்தும் உரிமையை இழந்தால் மட்டுமே பொருந்தும். விதி 154ன் மேல்முறையீடும் சான்று மறுக்கப்பட்டவருக்கும் ரத்தானவருக்கும்தான், பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. உங்களுக்கு மிஞ்சுவது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. தொட்டி புதைத்த பிறகு அங்கே போய் நின்றால், 'இத்தனை நாள் எங்கே போனீர்கள்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கும் பொதுவான மனு தாசில்தாருக்குப் போய், அங்கேயே முடிந்துவிடுவது வாடிக்கை. விதி 144, சர்வே எண், விண்ணப்பதாரர் பெயர், கோப்பு எண் குறிப்பிட்டு ஆட்சியருக்குத் தனி ஆட்சேபம் கொடுங்கள். நகலில் தபால் பிரிவின் முத்திரை வாங்குங்கள். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து உங்கள் சுவரிலிருந்து தூரங்களைக் குறித்த புலப்படம் இணைத்தால், 200 கையெழுத்தைவிட அது அதிகம் பேசும். கூடவே 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் தள வரைபடம், தீயணைப்பு, காவல், நெடுஞ்சாலை, உள்ளாட்சி அறிக்கைகளின் நகலைக் கேளுங்கள். மூன்றாம் நபர் தகவல் என்று மறுக்கலாம்; அதனால் கோப்பைப் பார்வையிடும் உரிமையையும் அதே மனுவில் கேளுங்கள். வரைபடத்தில் எதிர் வீடு 'காலி மனை' ஆகியிருந்தால் உடனே படம் எடுத்து, துணை மனு கொடுங்கள்.

தடையில்லாச் சான்று வேறு, அந்த இடத்தில் கட்டுவதற்கான திட்ட அனுமதி வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. நில உபயோக மாற்றம் தேவைப்பட்டால் நாளிதழ் விளம்பரம் வரும், அதில் சொன்ன நாளுக்குள் ஆட்சேபம் போக வேண்டும். அனுமதியில்லாமல் கட்டினால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளில் நடவடிக்கை கேட்கலாம். தூர விதி மீறல் மட்டுமே பிரச்சினை என்றால் சென்னையிலுள்ள தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயமும் உண்டு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 6 மாதம் கெடு.

கடைசியாக, ஆட்சேபத்தில் அந்தப் பகுதியின் வேறு பங்க் உரிமையாளர் யாராவது கையெழுத்திட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். போட்டிக்காரர் தூண்டிவிட்ட மனு என்று எதிர்த்தரப்பு சொல்ல அந்த ஒரு பெயர் போதும்.